அத்தியாயம் 7: லிங்கர் கேட்பது ஒரு பெயரைத்தான்

பெட்டியை எழுப்பி, சீரியல் கேபிளில் கன்சோலைப் பிடித்து, ஜிசிசி கம்பைலரையும் ஏற்றியாகிவிட்டது. இனி ‘மேக்’ என்று தட்டினால் கோப்புகள் வரிசையாகக் கம்பைல் ஆகும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டும் கடைசி வரியில் திரை நிறையப் பிழை கொட்டும். பழைய யுனிக்ஸில் திறமூல மென்பொருளைக் கட்ட முனைபவர்களில் பெரும்பாலோர் கைவிடும் இடம் இது. கைவிடத் தேவையே இல்லை. கம்பைலர் தரும் பிழைகளைவிட லிங்கர் தரும் பிழைகள் எளியவை. கம்பைலருக்கு ஆயிரம் புகார்கள் உண்டு. லிங்கர் கேட்பது பெயர்களை மட்டுமே.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்த வேலையில் ஏன் இறங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1995 அக்டோபரில் இங்கே தொடங்கிய கவிதை இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற்றது. எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரும் சேர்ந்து செய்த வேலை அது. இணையத்தில் தமிழ் எழுத்து ஏறிய முதல் முயற்சிகளில் அதற்கு இடம் உண்டு. 1997 மே மாதம் முதல் தமிழ் இணைய மாநாடு இந்த ஊரில் நடந்தது. 2000 ஜூலையில் இங்கே மீண்டும் மாநாடு கூடியபோது தமிழ்க் கணினித் துறைக்கான உத்தமம் அமைப்பு பிறந்தது. அந்த ஆண்டுகளில் தட்டச்சான தமிழ்க் கோப்புகளில் பெரும்பாலானவை யூனிகோடில் இல்லை. எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் இருந்த காலம் அது. அப்படிப்பட்ட கடிதங்கள், கதைகள், அஞ்சல் தொகுப்புகள் ஒரு பழைய சன் பெட்டியின் வட்டில் இருந்தால், அவற்றை எடுப்பதற்கு நமக்கு மென்பொருள் வேண்டும்.

ஒரு முன்னெச்சரிக்கை. வட்டைக் கழற்றி லினக்ஸ் கணினியில் மாட்ட வசதி இருந்தால் அதையே செய்யுங்கள். சன் பெட்டிகளின் யுனிக்ஸான சோலாரிசின் யூஎஃப்எஸ் கோப்பு முறைமையை லினக்ஸ் படிக்கும். அங்கே குறியாக்கம் மாற்றும் ‘ஐகான்வ்’ கட்டளைக்குத் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கமும் தெரியும். பெட்டியை விட்டு வட்டைப் பிரிக்க முடியாதபோதும், அந்தப் பெட்டியையே ஓடும் நிலையில் காக்க விரும்பும்போதும்தான் இந்த அத்தியாயம் தேவைப்படும்.

கட்டளைகளையும் செய்திகளையும் இந்த நூல் முழுக்கத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். விசைப்பலகையில் வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

யார் கேட்டார், யாரிடம் இருக்கிறது

கம்பைல் ஆன ஒவ்வொரு ‘.ஓ’ கோப்பிலும் இரண்டு பட்டியல்கள் உண்டு: தன்னிடம் உள்ள பெயர்கள், தான் வெளியிலிருந்து எதிர்பார்க்கும் பெயர்கள். எதிர்பார்க்கும் பெயர் ஒவ்வொன்றுக்கும் அதை வைத்திருப்பவரைத் தேடிப் பொருத்துவதே லிங்கரின் வேலை. ஆள் கிடைக்காதபோது பெயரைச் சொல்லி நின்றுவிடும்.

சோலாரிசில் இந்தச் செய்தி இரண்டு பத்திகளாக வரும். இடப்பக்கம் ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’, அதாவது கிடைக்காத பெயர். வலப்பக்கம் ‘ஃபர்ஸ்ட் ரெஃபரன்ஸ்ட் இன் ஃபைல்’, அதாவது அதை முதலில் கேட்ட கோப்பு. கடைசியில் ‘சிம்பல் ரெஃபரன்சிங் எரர்ஸ்’ என்று ஒரு வரி. எல்லோர் கண்ணும் அந்தக் கடைசி வரிக்கே போகும்; ஆனால் அதில் செய்தி ஏதும் இல்லை. மேலே உள்ள இரண்டு பத்திகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குனு லிங்கரில் இதே செய்தி ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு’ என்று வரும். ஹெச்பி-யூஎக்ஸ் ‘அன்சாட்டிஸ்ஃபைட் சிம்பல்ஸ்’ என்னும். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 0711-317 என்ற எண்ணைக் காட்டிப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்கும். சன்ஓஎஸ் 4இல் பெயருக்கு முன்னால் அடிக்கோடு ஒன்று ஒட்டியிருக்கும். புள்ளியும் அடிக்கோடும் கம்பைலர் சேர்ப்பவை. தேடும்போது அவற்றை நீக்கிவிட்டுத் தேடுங்கள்.

பெயர் கையில் வந்ததும் ஊகிக்கத் தொடங்காதீர்கள். எங்கோ படித்த நினைவில் ஐந்தாறு லைப்ரரிகளை வரிசையாகச் சேர்த்துப் பார்ப்பது வேலையைக் கெடுக்கும் வழி. தற்செயலாகப் பிழை மறைந்தாலும், எது மறைத்தது என்று தெரியாமல் போகும். கணினியையே கேளுங்கள். சோலாரிசில் கேட்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி ‘மேன்’ பக்கம். அந்தச் செயல்கூறின் ‘மேன்’ பக்கத்தைத் திறந்தால், தொடக்கத்திலேயே கம்பைல் செய்யும் வரி இருக்கும். எந்த லைப்ரரியைச் சேர்க்க வேண்டும் என்று அதில் அச்சாகியிருக்கும். இரண்டாவது வழி ‘என்எம்’ கட்டளை. ‘யூஎஸ்ஆர்/லிப்’ அடைவில் உள்ள ‘.எஸ்ஓ’ கோப்பு ஒவ்வொன்றின் மீதும் ‘என்எம் -பி’ ஓட்டி, அந்தப் பெயரை ‘கிரெப்’ செய்யுங்கள். பெயருக்கு அருகில் ‘யூ’ என்று இருந்தால் அந்த லைப்ரரியும் உங்களைப் போலவே பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ‘டி’ என்று இருந்தால் அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு எழுத்துகளின் வேறுபாட்டைக் கவனிக்காமல், பெயர் கண்ணில் பட்டதுமே அந்த லைப்ரரியைச் சேர்ப்பவர்கள் பலர்.

சோலாரிசில் முதலில் எதிர்ப்படும் பெயர் பெரும்பாலும் ‘சாக்கெட்’. லினக்ஸில் எழுதிப் பழகியவருக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே அது அடிப்படை சி லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது. சோலாரிஸ் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டின் வழி வந்தது. சாக்கெட் பெர்க்லியில் பிறந்தது. வேறு குடும்பத்தில் பிறந்த அந்த வசதியைத் தனி லைப்ரரியாக வைத்தார்கள். ‘சாக்கெட்’, ‘பைண்ட்’, ‘கனெக்ட்’ ஆகியவை லிப்சாக்கெட்டில் இருக்கும். ‘கெட்ஹோஸ்ட்பைநேம்’, ‘ஐநெட்_என்டிஓஏ’ ஆகியவை லிப்என்எஸ்எல்லில். ‘ஐநெட்_ஏடிஓஎன்’ மட்டும் லிப்ரிசால்வில். ஆகவே வலையமைப்பைத் தொடும் எந்த நிரலுக்கும் ‘-எல்சாக்கெட் -எல்என்எஸ்எல்’ என்ற இரண்டும் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது சில சமயம் சேரும்.

இவற்றை எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். ‘கான்ஃபிகர்’ ஓட்டும் முன் ‘லிப்ஸ்’ என்ற மாறியில் எழுதுங்கள். ‘எல்டிஃபிளாக்ஸ்’ மாறியில் எழுதாதீர்கள். கட்டளை வரியில் ‘எல்டிஃபிளாக்ஸ்’ முன்னாலும் ‘லிப்ஸ்’ பின்னாலும் வருவதே காரணம். ‘.ஏ’ என்று முடியும் நிலையான லைப்ரரிகளைப் பொறுத்தவரை லிங்கர், தேக்கா சந்தைக்குப் பட்டியலோடு வந்து ஒரே நடையாகக் கடைகளைக் கடந்துவிடுபவரைப் போன்றது. கடையைத் தாண்டும் நேரத்தில் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் வாங்கும். பிறகு நினைவு வந்தால் திரும்பிப் போகாது. லைப்ரரி முன்னாலும் அதைத் தேடும் ‘.ஓ’ கோப்பு பின்னாலும் வந்தால், லைப்ரரியைக் கடக்கும்போது பட்டியலில் அந்தப் பெயரே இருந்திருக்காது. லைப்ரரி கண்முன்னே இருந்தும் ‘பெயர் இல்லை’ என்று பிழை வருவதற்கு இதுவே வழக்கமான காரணம். கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால் என்று வரிசையை மாற்றினால் தீர்ந்துவிடும். இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று எதிர்பார்க்கும்போது முதலாவதை இறுதியில் மீண்டும் ஒருமுறை எழுதுங்கள். பார்க்க நன்றாக இராது. ஆனால் எல்லாப் பழைய யுனிக்ஸிலும் வேலை செய்யும் முறை அது ஒன்றுதான்.

‘கான்ஃபிகர்’ தன் சோதனைகளில் என்ன கண்டது என்பது ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பில் முழுதும் இருக்கும். “லைப்ரரி இல்லை” என்று திரையில் வந்தால் நம்பிவிடாமல் அந்தக் கோப்பைத் திறந்து, சோதனை நிரல் எந்தப் பெயரில் விழுந்தது என்று பாருங்கள். லைப்ரரி இருக்கும்; அது சார்ந்திருக்கும் இன்னொரு லைப்ரரிதான் விடுபட்டிருக்கும். ‘-எல்’ போட்டும் ‘நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால், எண்ணோடு முடியும் ‘.எஸ்ஓ.1’ கோப்பு மட்டும் இருந்து, எண்ணில்லாத ‘.எஸ்ஓ’ இணைப்பு இல்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘எல்என் -எஸ்’ ஒன்றே அதற்குப் போதும்.

எந்த லைப்ரரியிலும் இல்லாத பெயர்கள்

எல்லா இடத்திலும் தேடியும் ‘டி’ எழுத்தோடு பெயர் கிடைக்கவில்லை என்றால், அந்தச் செயல்கூறு அந்த யுனிக்ஸில் எழுதப்படவே இல்லை. 1996இல் வந்த சோலாரிஸ் 2.5.1இல் ‘எஸ்என்பிரிண்ட்எஃப்’ கிடையாது, 1997இன் 2.6இல்தான் வந்தது. ‘செட்என்வ்’ 2005இல் வெளியான சோலாரிஸ் 10 வரை காத்திருந்தது. சன்ஓஎஸ் 4இல் ‘மெம்மூவ்’, ‘ஸ்டிரெரர்’ இரண்டுமே இல்லை. இங்கே எந்த ‘-எல்’லும் உதவாது, செயல்கூறை நீங்களே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நல்ல மென்பொருள்களின் மூலக்கட்டிலேயே இதற்கென மாற்றுக் கோப்புகள் இருக்கும். இல்லாதபோது குனுலிப் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். ‘எஸ்என்பிரிண்ட்எஃப்’ இல்லை என்பதற்காக, அளவைக் கைவிட்டு ‘எஸ்பிரிண்ட்எஃப்’ ஆக மாற்றி எழுதாதீர்கள். பிழை மறையும், நிரல் ஓடும். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும் நாளில் உங்கள் கோப்பையே கெடுத்துவிடும். மீட்க வந்த தமிழ்ப் பக்கங்களை நாமே அழிப்பதற்கு இந்த மென்பொருள் எதற்கு? ‘மெம்மூவ்’ இல்லாத சன்ஓஎஸ் 4இல் ‘பிகாப்பி’யைப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் மூலமும் இலக்கும் இடம் மாறி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

லிங்கர் கேட்கும் பெயர் சில சமயம் செயல்கூறே இல்லை. ‘விஏ_காப்பி’ என்று கேட்கும். அது சி99 தரத்தில் வந்த ஒரு மேக்ரோ. பழைய தலைப்புக் கோப்பில் அது இல்லாததால் கம்பைலர் அதை ஏதோ ஒரு செயல்கூறு என்று எடுத்துக்கொண்டு, பிழை என்று நிற்காமல் தாண்டிவிட்டது. குற்றம் முன்னாலேயே நடந்துவிட்டது, பிடிபட்டது லிங்கரிடம். ஆகவே பெயர் எங்குமே கிடைக்காவிட்டால், கம்பைல் நேரத்தில் வந்த எச்சரிக்கைகளைத் திரும்பிப் பாருங்கள். ‘இம்ப்ளிசிட் டெக்ளரேஷன்’ என்று அதே பெயருக்கு ஒரு வரி இருக்கும். ‘மேக்’கின் வெளியீட்டை எப்போதும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிடச் சொல்வது இதற்காகவே.

நம் வேலைக்கு மிக நெருங்கிய வழக்கு

தமிழ்க் கோப்பைத் தொடும் எந்த நிரலும் ஒரு கட்டத்தில் குறியாக்கம் மாற்றும் ‘ஐகான்வ்’ செயல்கூறுகளை நாடும். 2000இல் வந்த சோலாரிஸ் 8ஐ எடுத்துக்கொள்வோம். கையால் எழுதிய மேக்ஃபைலோடு ஒரு சிறு மாற்றி நிரல். கம்பைல் சுத்தமாக முடிந்தது. இணைக்கும்போது பிழை: கிடைக்காத பெயர் ‘லிப்ஐகான்வ்_ஓபன்’.

மூல நிரலைத் திறந்தால் அப்படி ஒரு பெயரே இல்லை. அதில் இருப்பது ‘ஐகான்வ்_ஓபன்’. அதுவோ சோலாரிசின் சி லைப்ரரியிலேயே இருக்கிறது. ‘என்எம்’ அதை ‘டி’ எழுத்தோடு காட்டும். பிறகு யார் அந்த முன்னொட்டைச் சேர்த்தது?

தலைப்புக் கோப்புதான். ‘யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவில் குனு லிப்ஐகான்வ் தொகுப்பும் நிறுவப்பட்டிருக்கிறது. அங்கே நிறுவிய ஜிசிசி, சோலாரிசின் சொந்தத் தலைப்புக் கோப்புக்கு முன்பாக ‘யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்’ அடைவைப் பார்க்கும். குனுவின் ‘ஐகான்வ்.ஹெச்’ கோப்பு, ‘ஐகான்வ்_ஓபன்’ என்ற பெயரை ‘லிப்ஐகான்வ்_ஓபன்’ என்று மாற்றி வைக்கிறது. இரண்டு லைப்ரரிகள் ஒரே பெயரில் மோதாமல் இருக்க அவர்கள் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் தலைப்பு குனுவிடமிருந்தும் லைப்ரரி சன்னிடமிருந்தும் வந்தால் பெயர் பொருந்தாது. ‘லிப்இன்டிஎல்’ தொடர்பாக வரும் ‘லிப்இன்டிஎல்_கெட்டெக்ஸ்ட்’ பிழையும் அச்சாக இதே கதை.

தீர்வு, இரண்டையும் ஒரே வீட்டிலிருந்து எடுப்பது. குனுவின் தலைப்பு வேண்டுமானால் குனுவின் லைப்ரரியையும் சேருங்கள்: ‘-எல்ஐகான்வ்’, அதோடு அது இருக்கும் அடைவைச் சொல்லும் பெரிய எழுத்து ‘-எல்’. குனுவிடம் உங்களுக்குத் தேவையான குறியாக்கம் இருக்கிறதா என்பதை முதலில் ‘ஐகான்வ் -எல்’ தட்டிப் பாருங்கள்; பட்டியலில் இல்லாத குறியாக்கத்துக்காக லிங்கரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. சன்னுடையதே போதுமென்றால் குனு தலைப்புக் கோப்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு முடிந்து, நிரலை ஓட்டினால் அடுத்த அடி விழும்: ‘எல்டி.எஸ்ஓ.1’ என்று தொடங்கி ‘ஓபன் ஃபெயில்ட்’ என்று சொல்லும் செய்தி. கட்டும்போது லைப்ரரி எங்கே என்று சொன்னீர்கள். ஓடும்போது எங்கே தேட வேண்டும் என்று சொல்லவில்லை. இவை இரண்டும் தனித்தனி. பெரிய ‘-எல்’ முதலாவதுக்கு, பெரிய ‘-ஆர்’ இரண்டாவதுக்கு. இரண்டிலும் அதே அடைவை எழுதி மறுபடி இணையுங்கள். பிறகு ‘எல்டிடி’ ஓட்டினால் எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று வரிவரியாகத் தெரியும். ‘எல்டி_லைப்ரரி_பாத்’ மாறியைப் புரொஃபைலில் நிரந்தரமாக எழுதிவைக்கும் வழக்கம் வேண்டாம். ஒரு நிரலுக்காக எழுதியது மற்ற எல்லா நிரல்களுக்கும் வழியை மாற்றிவிடும். சோலாரிஸ் 8 முதல் உள்ள ‘சிஆர்எல்இ’ கட்டளையில் இன்னும் கவனம் வேண்டும். ‘-யூ’ இல்லாமல் புதிய பாதையை மட்டும் கொடுத்தால், பழைய இயல்புப் பாதை அழிந்து, ‘எல்எஸ்’ கூட ஓடாத நிலை வரும்.

மற்ற யுனிக்ஸ்களில் பெயர்கள் வேறு. ஹெச்பி-யூஎக்ஸின் பிஏ-ரிஸ்க் பெட்டிகளில் பகிர் லைப்ரரி ‘.எஸ்எல்’ என்று முடியும். பாதையைப் பார்க்கவும் மாற்றவும் ‘சேட்டர்’ கட்டளை. ஏஐஎக்ஸில் பகிர் லைப்ரரியே ‘.ஏ’ கோப்புக்குள் அடங்கியிருக்கும் என்பதால் அதை நிலையான லைப்ரரி என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஐரிக்ஸில் ஓ32, என்32, 64 என மூன்று வகைப் பொருள் கோப்புகள். மூன்றும் ஒன்றோடொன்று சேராது. சோலாரிசிலும் ‘ராங் இஎல்எஃப் கிளாஸ்’ என்று வந்தால் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்திருக்கின்றன. ‘ஃபைல்’ கட்டளை எது எந்த வகை என்று சொல்லிவிடும்.

இன்னும் இரண்டு. ‘__யூடிவ்டிஐ3’ போல இரண்டு அடிக்கோட்டில் தொடங்கும் விசித்திரப் பெயர் வந்தால், அது லிப்ஜிசிசியின் உள் செயல்கூறு. ஜிசிசியில் கம்பைல் செய்ததைச் சன்னின் சிசியிலோ நேரே ‘எல்டி’யிலோ இணைத்திருப்பீர்கள். இணைப்பதையும் ஜிசிசியிடமே விடுங்கள். சி பிளஸ் பிளஸ் என்றால் முதல் கோப்பிலிருந்து கடைசி லைப்ரரி வரை ஒரே கம்பைலர், ஒரே பதிப்பு. அதில் விட்டுக்கொடுக்க வழியில்லை. பகிர் லைப்ரரி கட்டும்போது ‘ரீலொகேஷன்ஸ் ரிமெயின்’ என்று வந்தால் ‘-எஃப்பிக்’ இல்லாமல் கம்பைல் ஆன கோப்பு ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது.

லிங்கர் மீது குற்றமில்லாதபோது

பழைய சன் பெட்டிகளில் கடிகாரமும் அடையாள எண்ணும் ஒரு நினைவகச் சில்லுக்குள்ளேயே மின்கலத்தோடு அடைத்துவைக்கப்பட்டவை. இத்தனை ஆண்டுகளில் அந்த மின்கலம் தீர்ந்திருக்கும். பெட்டி தவறான தேதியோடு எழும். ‘மேக்’ முழுக்கத் தேதியை நம்பி நடப்பது: எது புதிது, எது பழையது என்று தெரியாமல் பழைய ‘.ஓ’ கோப்பை அப்படியே இணைக்கும். நீங்கள் எழுதிச் சேர்த்த செயல்கூறு ‘இல்லை’ என்று லிங்கர் சொல்லும். அதன் பங்கில் அது உண்மை. முதலில் ‘டேட்’ கட்டளையால் நேரத்தைச் சரிசெய்யுங்கள். அதன்பின் அடைவையே அழித்து, மூலக்கட்டை மறுபடி பிரித்து, முதலிலிருந்து தொடங்குங்கள். கைவேலை தெரிந்தவர்கள் சில்லின் மேற்பகுதியைக் கவனமாகச் சுரண்டி, வெளியே ஒரு 3 வோல்ட் நாணய மின்கலத்தைப் பற்றவைக்கிறார்கள். மின்கலக் கூடு, கம்பி, சீரியல் இணைப்பான் போன்ற உதிரிகளுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர். தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். பக்கத்திலிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டதால், பழைய பெட்டிகளைக் கிளறிப் பார்த்து வாங்க அந்த வட்டாரத்தில் அப்படியொரு இடம் இப்போது இல்லை.

மூலக்கட்டைப் பிரிக்கும் ‘டார்’ இன்னொரு இடறல். சோலாரிசின் பழைய ‘டார்’, குனு முறையில் கட்டிய நீண்ட கோப்புப் பெயர்களைச் சரியாகப் பிரிக்காது. சில கோப்புகள் தப்பிவிடும். அவற்றிலிருந்த பெயர்களை லிங்கர் பிறகு கேட்கும். குனு ‘டார்’ கொண்டு பிரியுங்கள், அல்லது வேறு கணினியில் பிரித்துக் கொண்டுவாருங்கள். எப்படியும் மூலக்கட்டை வேறு கணினியில்தான் இறக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் இன்றைய இணையத்தளங்களின் மறையாக்கப் பாதுகாப்பு அந்தப் பழைய உலாவிகளுக்குப் புரியாது.

கட்டப்போகும் மென்பொருளிலும், இன்றைய பதிப்பைத் தேடாமல் அந்த யுனிக்ஸ் புழக்கத்திலிருந்த ஆண்டின் பதிப்பை எடுங்கள். இந்த அத்தியாயத்தில் சொன்ன பிழைகளில் பாதி வராமலே போய்விடும்.

கட்டி முடித்ததும் எந்தப் பெயர் கிடைக்கவில்லை, எந்த லைப்ரரியில் கிடைத்தது, ‘லிப்ஸ்’ஸில் என்ன எழுதினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் இன்னொருவராக இருப்பார். 1990களின் தமிழ்க் கோப்புகள் உள்ள வட்டு உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே ‘டிடி’ கட்டளையால் அதற்கு முழுப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள். கம்பைலரைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.